சீ.எஸ்.ஸா, ஐ.எஸ்.ஸா: படிவம் நிரப்பும் தம்பிக்கு

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், தகவல் தொழினுட்பம் எடுத்தவர். பெறுபேறு வந்துவிட்டது. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியில், அதாவது யூ.சி.எஸ்.சி.யில், கணினி விஞ்ஞானம் (சீ.எஸ்.) இருக்கிறது, தகவல் முறைமைகளும் (ஐ.எஸ்.) இருக்கிறது. இசட் புள்ளி இரண்டுக்கும் காணும் போலத் தெரிகிறதாம். மாமா சொல்கிறார்: "சீ.எஸ்.தான் படிப்பு, ஐ.எஸ். மெத்ஸ் ஓடாத பிள்ளைகளுக்கு." டியூஷன் சேர் சொல்கிறார்: "ரெண்டும் ஒண்டுதான், எதைப் போட்டாலும் கடைசியில சொஃப்ட்வெயார் கம்பனிதான்." பல்கலைக்கழக அனுமதிப் படிவத்தில் எதை முதலில் போடுவது, அக்கா என்று கேட்கிறார்.

இருவர் சொல்வதும் பிழை, தம்பி. மாமா சொல்வது கொஞ்சம் கூடுதல் பிழை.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆலோசனை சொல்பவர் எங்கிருந்து பேசுகிறார் என்று தெரிய வேண்டும். நான் ஹட்டன் பக்கம். சீ.எஸ். படித்தவள். பதினைந்து வருடமாகக் கொழும்பில் வேலை. ஐ.எஸ். என்பதை இரண்டாந்தரம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். அந்த நினைப்பை ஒரு தேயிலைத் தோட்டம் கழற்றிப் போட்டது. அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் இந்த இரண்டு துறைகளும் எங்கே பிரிந்தன என்று பாருங்கள். 1949இல் கேம்பிரிஜ் பல்கலைக்கழகத்தில் மோரிஸ் வில்க்ஸின் குழு எட்சாக் என்ற கணினியை ஓடவிட்டது. விஞ்ஞானிகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கக் கட்டிய இயந்திரம் அது. அதற்கு 3,000 பவுண் கொடுத்து உதவியவர்கள் யார் தெரியுமா? லயன்ஸ் என்ற கம்பனி. லண்டனில் தேநீர்க் கடைகளும் பேக்கரிகளும் நடத்தியவர்கள். எட்சாக்கைப் பார்த்து, அதே அமைப்பில் தங்களுக்கென்று லியோ என்ற கணினியைக் கட்டினார்கள். 1951 நவம்பரில் லியோவில் ஓடிய வேலை, பேக்கரிப் பண்டங்களின் பெறுமதிக் கணக்கு. பிறகு சம்பளம், கடைகளின் அன்றாட ஓடர், தேயிலைக் கலவை என்று போயிற்று.

இயந்திரம் கிட்டத்தட்ட ஒன்று, கேள்விகள்தான் வேறு. கேம்பிரிஜ்காரர்கள் இந்த இயந்திரத்தால் எதைக் கணிக்க முடியும், எவ்வளவு வேகமாக என்று கேட்டார்கள். லயன்ஸ்காரர்கள் நாளைக்கு எந்தக் கடைக்கு எத்தனை கேக் போக வேண்டும், அதை யார் சொல்வது, எத்தனை மணிக்குள் சொன்னால் வண்டி புறப்படலாம் என்று கேட்டார்கள். கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்தக் கம்பனியில் அலுவலக வேலைகள் எப்படி ஓடுகின்றன என்று ஆராய்வதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது; லியோவின் வெற்றிக்குக் காரணம் இயந்திரத்தின் மின்னணு வால்வுகள் மட்டுமல்ல, அந்தப் பிரிவும்தான். அந்த முதல் கேள்வியின் வழியில் வந்தது கணினி விஞ்ஞானம். இரண்டாவதன் வழியில் வந்தது தகவல் முறைமைகள். அமெரிக்காவில் 1962இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானத் துறை தொடங்கியது. 1968இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கோர்டன் டேவிஸ் முகாமைத்துவத் தகவல் முறைமைகளுக்கு ஒரு பட்டப்படிப்பையே ஏற்படுத்தினார். ஒன்று மற்றதன் இலேசான பதிப்பாகத் தொடங்கவில்லை.

சீ.எஸ்.ஸில் கேள்வி தெளிவாக இருக்கும், விடை காண்பது கஷ்டம். ஒரு இலட்சம் பெயர் கொண்ட பட்டியலில் இரட்டிப்பாக வந்த பெயர்களைக் கண்டுபிடி என்றால் அதில் விளங்காதது ஒன்றுமில்லை. ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டால் ஏறத்தாழ 500 கோடி ஒப்பீடு. முதலில் வரிசைப்படுத்திவிட்டுப் பக்கத்துப் பெயர்களை மட்டும் பார்த்தால் 17 இலட்சத்தையொட்டி முடிந்துவிடும். ஏன் அப்படி, அதற்கும் கீழே போகலாமா, போக முடியாது என்று நிறுவலாமா? இந்த "நிறுவலாமா" என்ற சொல்தான் சீ.எஸ்.ஸின் இதயம்.

ஐ.எஸ்.ஸில் விடைக்கு முன் கேள்வியைத் தேட வேண்டும். இப்போது தோட்டத்துக்கு வருகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். மலையகத்தில் ஒரு தோட்டத்துக்குக் கொழுந்து நிறுக்கும் மென்பொருள் செய்தோம். மலையில் நாளுக்கு மூன்று நிறுவை. தராசோடு ஒரு சின்னக் கருவி. பெயர், கிலோ பதிவாகும். சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் பதிவுகள் அலுவலகத்துக்குப் போகும். சிக்னல் விட்டுவிட்டு வந்தால் ஒரே நிறுவை இரண்டு தடவை போய்ச் சேரும் ஆபத்து இருந்தது. ஒவ்வொரு நிறுவைக்கும் தனி அடையாள எண் கொடுத்து அதை நான் தடுத்தேன். படித்ததை அப்படியே போட்டேன், நன்றாக வேலை செய்தது, பெருமையாகவும் இருந்தது.

அதோடு ஒரு பாதுகாப்பும் வைத்தேன். மலையில் நிறுத்த மொத்தக் கிலோவும் ஃபெக்டரியில் நிறுத்த மொத்தக் கிலோவும் ஒன்றாக இருந்தால்தான் அன்றைய கணக்கை மூடலாம். திருட்டைப் பிடிக்கத்தானே மென்பொருள்?

கொழுந்து பறித்த நிமிடத்திலிருந்து நீரை விட்டுக்கொண்டே இருக்கும். மழை நாளில் இலை மேல் நிற்கும் தண்ணீர் வழியில் வடிந்துபோகும். மலையில் நிறுத்ததும் ஃபெக்டரியில் நிறுத்ததும் ஒரு நாளும் ஒன்றாக வராது. ஹட்டனில் பிறந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மேசையில் உட்கார்ந்ததும் மறந்துபோனேன். கணக்கு மூட முடியாமல் கணக்கப்பிள்ளை என்ன செய்தார்? மாலை ஏழு மணிக்கு உட்கார்ந்து ஆளுக்கு அரைக் கிலோ, முக்கால் கிலோ என்று குறைத்து, இரண்டு தொகையையும் ஒன்றாக்கினார். அந்தத் தோட்டத்தில் நோர்ம், அதாவது முழுநாள் சம்பளத்துக்குப் பறிக்க வேண்டிய அளவு, 18 கிலோ. 18.3 பறித்த பெண்ணுக்கு 17.6 என்று விழுந்தால் முழுப்பேர் இல்லை, அரைப்பேர். அதாவது அரைநாள் சம்பளம்.

மூன்று வாரம் யாருக்கும் தெரியாது. மகளின் பள்ளிக் கொப்பியின் பின்பக்கத்தில் தன் நிறுவையைத் தினமும் எழுதி வைத்திருந்த ஒரு அம்மா, செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) இருந்ததும் தன்னிடம் இருந்ததும் வேறு என்று வந்து நின்றார். நான் என் குறிமுறையை வரிவரியாகத் தேடினேன். ஒரு பிழையும் இல்லை. அதுதான் எனக்கு விழுந்த அடி: குறிமுறையில் பிழையே இல்லாமல் ஒரு மென்பொருள் ஆட்களின் கூலியைத் தின்றது. திருத்தம் அரைநாள் வேலை. மலை நிறுவை தனி, ஃபெக்டரி நிறுவை தனி, வித்தியாசம் தனி வரி. அந்த வித்தியாசத்துக்குக் கையெழுத்துப் போடுபவர் யார் என்று ஒரு இடம். மலையில் பதிந்த கிலோவை யாரும் மாற்ற முடியாது. அவ்வளவுதான்.

அந்த இடத்தில் ஒரு நல்ல ஐ.எஸ். பட்டதாரி முதல் நாளே மலைக்குப் போய், "ரெண்டு கணக்கும் ஒத்து வராட்டி இப்ப என்ன செய்யறீங்க?" என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்டிருப்பார். முறைமைப் பகுப்பாய்வு என்ற பாடம் பார்ப்பதற்கு வெறும் படங்களும் அம்புக்குறிகளும் போலத்தான் இருக்கும். அதன் உள்ளே இருப்பது இந்தக் கேள்வி.

இது சின்னத் தோட்டத்துக் கதை. பெரிய அளவில் நடந்ததைப் பார்க்க வேண்டுமென்றால் பிரித்தானியத் தபால் நிலையங்களின் ஹொரைசன் முறைமையைப் பற்றித் தேடி வாசியுங்கள். 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்ட உபதபாலதிபர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். காசு குறைகிறது என்று மென்பொருள் சொன்னது, குறைந்தது மனிதர் எடுத்ததால் என்று நிர்வாகம் சொன்னது. ஹொரைசனில் கண்டுபிடிக்கப்பட்ட பிழைகளில் ஒன்று, திரை உறைந்து நிற்கும்போது பொத்தானை மறுபடி அழுத்தினால் ஒரே பணமாற்றம் பல தடவை பதிவாவது. நான் தோட்டத்தில் தடுத்தேன் என்று பெருமைப்பட்ட அதே வகைப் பிழை. அது சீ.எஸ். பக்கத்துத் தவறு. ஆனால் இத்தனை பேர் அழிந்தது அதனால் மட்டுமா? கணினி சொல்வது சரி என்ற அனுமானம், குறையை மறுத்து நிரூபிக்கும் வழி கவுன்டரில் இருப்பவரிடம் இல்லாதது, தூரத்திலிருந்து கணக்குக்குள் கை வைக்க முடியும் என்பதை மறைத்தது. இவை எல்லாம் ஐ.எஸ். பக்கம். 2019இல் இங்கிலாந்தின் மேல் நீதிமன்றத் தீர்ப்பு வந்து, 2024இல் தனிச்சட்டமே இயற்றித்தான் பெரும்பாலான தீர்ப்புகளை நீக்க வேண்டியிருந்தது.

சரி, படிப்புக்குள் என்ன இருக்கிறது?

முதல் இரண்டு வருடம் இரண்டு பக்கமும் பொதுவான பாடங்கள் நிறைய: புரோகிராமிங், தரவுத்தளம், தரவுக் கட்டமைப்பு, வலையமைப்பு. டியூஷன் சேர் இதைப் பார்த்துத்தான் ஒண்டுதான் என்கிறார். பிறகு பாதை பிரியும். சீ.எஸ்.ஸில் தொடர்பற்ற கணிதம் (டிஸ்கிரீட் மெத்ஸ்), அல்கோரிதம் பகுப்பாய்வு, இயக்க முறைமை, ஆட்டோமேட்டா, கம்பைலர் (எழுதும் குறிமுறையை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்), இயந்திரக் கற்றல் என்று ஆழத்துக்குப் போவார்கள். ஐ.எஸ்.ஸில் முறைமைப் பகுப்பாய்வு, கணக்கியல், நிறுவன நடத்தை, ஈ.ஆர்.பி. (ஒரு நிறுவனத்தின் எல்லா வேலைகளையும் ஒன்றாக இணைக்கும் மென்பொருள்), செயற்றிட்ட முகாமைத்துவம், தகவல் பாதுகாப்பும் கணக்காய்வும், புள்ளிவிபரவியல் என்று அகலத்துக்குப் போவார்கள்.

மாமாவின் "மெத்ஸ் ஓடாத பிள்ளை" கதைக்கு இங்கே பதில் சொல்லலாம். யூ.சி.எஸ்.சி.யில் ஐ.எஸ்.ஸுக்கு கொமர்ஸ், ஆர்ட்ஸ், பயோ என்று எந்தப் பிரிவில் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம், சீ.எஸ். கணிதப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு. இதிலிருந்துதான் அந்த ஏளனம் பிறந்தது. ஆனால் கொமர்ஸ் படித்து வரும் பிள்ளை ஐந்தொகையை வாசிக்கத் தெரிந்து வருகிறது. மெத்ஸ் பிள்ளைக்கு வரவு எது, செலவு எது என்றே முதல் தவணையில் தடுமாற்றம். ஏ.சி.எம். முதலிய உலகச் சங்கங்கள் 2005இல் வெளியிட்ட பாடத்திட்ட அறிக்கை கணினித் துறையை ஐந்தாகப் பிரித்தது: கணினிப் பொறியியல், கணினி விஞ்ஞானம், தகவல் முறைமைகள், தகவல் தொழினுட்பம், மென்பொருள் பொறியியல். பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள், ஒன்றின் மேல் ஒன்றாக அல்ல.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். இணைந்த கணிதத்தில் ஏ எடுத்தவர்கள் சீ.எஸ். தங்களுக்கு இலேசு என்று நினைத்து வந்து முதல் வருடத்திலேயே திணறுவதைப் பார்த்திருக்கிறேன். கடந்தகால வினாத்தாள் பத்து வருடத்தைச் செய்து முடித்தால் உயர்தரக் கணிதம் கைக்கு வந்துவிடும். தொடர்பற்ற கணிதம் அப்படி வராது. அங்கே "விடை காண்க" குறைவு, "நிறுவுக" கூட. நிறுவல் பிடிக்குமா என்று உங்களையே கேளுங்கள். பிடித்தால் சீ.எஸ்.ஸில் நான்கு வருடமும் திருவிழா.

வேலை பற்றி. முதல் வேலை இரண்டு பட்டத்துக்கும் பெரும்பாலும் ஒன்றே: பயிலுநர் மென்பொருள் பொறியியலாளர், கியூ.ஏ. (மென்பொருளைச் சோதிப்பவர்), சிலருக்கு பிசினஸ் அனலிஸ்ட் (நிறுவனத்துக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதுபவர்). இன்டர்வியூவில் பட்டத்தின் பெயரை யாரும் இரண்டாம் தடவை பார்ப்பதில்லை. ஐந்து வருடம் கழித்துத்தான் வித்தியாசம் தெரியும். நம் நாட்டிலேயே இரண்டு துருவமும் உண்டு. மிலேனியம் ஐ.டி. செய்த பரிவர்த்தனை மென்பொருளில்தான் 2011 பெப்ரவரி முதல் லண்டன் பங்குச்சந்தை ஓடியது. 2009இல் அந்தக் கம்பனியையே லண்டன்காரர்கள் வாங்கிவிட்டார்கள். அங்கே ஒரு செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக் கூடக் குறைக்கப் பாடுபடுவார்கள். அது அசல் சீ.எஸ். வேலை. இன்னொரு பக்கம் கொழும்பில் பெரிய ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கும் சுவீடனின் ஐ.எஃப்.எஸ்.; ஈ.ஆர்.பி. கம்பனி. விமானப் பராமரிப்பிலும் தொழிற்சாலையிலும் ஒரு உதிரிப்பாகம் எங்கே இருக்கிறது, யார் கேட்டார், யார் அனுமதித்தார் என்பதே அதன் உலகம். அங்கேயும் கடினமான குறிமுறை எழுதுபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் வேலையின் ருசி வேறு.

ஒரு விடயத்தை யாரும் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. ஐ.எஸ். பக்கம் பேச்சும் எழுத்தும் அதிகம். கம்பஸ் முழுக்க ஆங்கிலம். ஆங்கிலம் தடுக்குகிற பிள்ளைக்கு முதல் வருடம் சீ.எஸ்.ஸில் குறியீடுகள் கொஞ்சம் தஞ்சம் கொடுக்கும்; ஐ.எஸ்.ஸில் முதல் தவணையிலேயே அறிக்கை, குழு முன்வைப்பு என்று வந்துவிடும். பிறகு வேலையில் கொழும்பில் ஒரு பிசினஸ் அனலிஸ்ட் களஞ்சியப் பொறுப்பாளரோடு சிங்களத்தில் பேசாமல் ஒன்றும் பிடுங்க முடியாது. மட்டக்களப்பிலிருந்து வரும் பிள்ளைக்கு இது சுமை. ஆனால் சிங்களமும் கற்றுக்கொண்டுவிட்டால் மூன்று மொழியில் கேள்வி கேட்கத் தெரிந்த ஆளைக் கம்பனி விடாது. கொப்பியோடு வந்த அந்த அம்மா ஆங்கில அறிக்கையில் அகப்பட்டிருக்க மாட்டார். என்னிடம் பேசியது தமிழ் என்பதால்தான் அவர் பேசினார்.

ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறலாமா? மாறலாம், ஆனால் இரண்டு திசையும் ஒரே ஏற்றம் அல்ல. சீ.எஸ். படித்தவர் அலுவலக நடைமுறையை வேலையில் அடிபட்டுக் கற்கலாம். எனக்கு ஆறு வருடம் பிடித்தது, அடியும் மற்றவர்களுக்குத்தான் விழுந்தது. ஐ.எஸ். படித்தவர் பிறகு கம்பைலர் ஆராய்ச்சிக்கோ இயந்திரக் கற்றலின் கணிதப் பக்கத்துக்கோ போக வேண்டுமென்றால் நேரியல் அட்சரகணிதத்தையும் நிகழ்தகவையும் இருபத்தைந்து வயதில் தனியே உட்கார்ந்து படிக்க வேண்டிவரும். முடியாதது அல்ல, செய்தவர்கள் குறைவு. ஆகவே பிற்காலத்தில் ஆராய்ச்சி, கலாநிதிப் பட்டம் என்ற கனவு இப்போதே இருந்தால் சீ.எஸ். முதலில், வேறு பேச்சில்லை. எந்தப் பக்கம் போனாலும் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தை விடாதீர்கள்; வெளிநாட்டில் மேற்படிப்புக்கு அது உதவும்.

செயற்கை நுண்ணறிவு வந்து எல்லாவற்றையும் தின்றுவிடும் என்று பயப்படுகிறீர்களா என்று தெரியவில்லை, கேட்கவில்லை. என் மேசையில் நான் பார்ப்பது: என்ன வேண்டும் என்று தெளிவாகச் சொன்னால் குறிமுறையைக் கருவியே எழுதித் தருகிறது. "ரெண்டு நிறுவையும் ஒன்றாக இருக்க வேண்டும்" என்று சொல்லியிருந்தால் அதையும் பிழையில்லாமல் எழுதித் தந்திருக்கும்.

இனிப் படிவம். விருப்ப ஒழுங்கை உண்மையான விருப்பப்படியே நிரப்புங்கள். மேலே இருப்பதற்குப் புள்ளி காணாவிட்டால் அடுத்ததுக்குத் தானாக இறங்கும். மேலே போட்டதற்காகக் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. "பாதுகாப்புக்கு" என்று வெட்டுப்புள்ளி குறைந்ததை மேலே போட்டால் அதுதான் கிடைக்கும், பிறகு அழுது பயனில்லை. விஞ்ஞானப் பாடநெறிகளுக்குப் பொதுவாக 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பு அந்தப் பதினாறில் ஒன்று. ஆகவே கொழும்புப் பிள்ளையின் வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உங்கள் மாவட்டத்தைப் பாருங்கள். பாடத்தேவையைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இவ்வருடக் கையேட்டில் பாருங்கள், அண்ணன்மார் சொன்னதில் அல்ல.

யூ.சி.எஸ்.சி. மட்டும் உலகம் இல்லை. யாழ்ப்பாணத்திலும் திருகோணமலை வளாகத்திலும் சீ.எஸ். இருக்கிறது, சப்பிரகமுவவில் ஐ.எஸ். இருக்கிறது, களனியின் முகாமைத்துவமும் தகவல் தொழினுட்பமும் என்ற படிப்பு ஐ.எஸ்.ஸுக்கு உறவுக்காரன். பட்டத்தின் பெயரை விட்டுவிட்டு மூன்றாம், நான்காம் வருடப் பாடப்பட்டியலை எடுத்து வாசியுங்கள்.

கடைசியாக உங்கள் கடிதம். பள்ளி இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் புள்ளி கணக்கிடும் எக்செல் தாள் செய்ததாக எழுதியிருந்தீர்கள். சூத்திரத்தைப் பற்றி ஒரு வரி. இரண்டு பேர் ஒன்றாக ஓடி முடித்தால் புள்ளியை எப்படிப் பிரிப்பது என்று இரண்டு ஆசிரியர்கள் சண்டை பிடித்ததையும், நீங்கள் இருவரிடமும் தனித்தனியே போய் விதியைக் கேட்டு எழுதி வாங்கியதையும் நாலு வரி. அந்த நாலு வரிதான் எனக்குப் பிடித்தது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஐ.எஸ்.ஸை முதலில் போட்டிருப்பேன், விருப்பப் பாடங்களில் அல்கோரிதத்தை விடாமல் எடுத்திருப்பேன்.

ஆனால் ஒரு கடிதத்தை வைத்து மட்டும் சொல்கிறேன். படிவம் பூட்டுவதற்கு முன் இரண்டு காரியம் செய்து பாருங்கள். அந்த ஒரு இலட்சம் பெயர்க் கணக்கைக் கணினியில் எழுதி, இரண்டு வழியிலும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பாருங்கள். பிறகு ஊர்க் கடையில் கடன் கொப்பி வைத்திருக்கும் ஐயாவிடம் அரைநாள் இருந்து, யார் எழுதுகிறார், பாதிக்காசு கொடுத்தால் எங்கே குறிக்கிறார், மகன் வாங்கியதை அம்மாவின் பெயரில் எப்போது போடுகிறார் என்று ஒரு தாளில் வரைந்து பாருங்கள். எதைச் செய்யும்போது சோறு ஆறிப்போனது தெரியவில்லையோ, அதை எனக்கு எழுதுங்கள். பெயர்க் கணக்கு என்றால் மேலே சொன்ன ஒழுங்கைத் திருப்பிப் போடுங்கள், மாமாவுக்கும் சந்தோஷம்.